பேப்பரில் ஓடிய லிஃப்ட்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போவதெல்லாம் சனிக்கிழமை காலையிலேயே நடந்து முடிந்துவிடும். அதற்குக் காரணம் என் வீட்டுக்காரர். வார நாட்களில், மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துப் பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். மிச்ச நேரத்தில் ஒரு தமிழ் நாளிதழுக்கு வட்டார நிருபர். அதில் பெட்ரோல் காசுக்கு மேல் ஒன்றும் தேறாது. ஆனால் போகிற இடமெல்லாம் முன்வரிசையில் ஒரு நாற்காலியும், "நிருபர் ஐயா வந்துட்டாங்க" என்று மைக்கில் ஒரு குரலும் கிடைக்கும். அந்தக் குரலுக்காக மனுஷன் மூவார் வரைக்கும் மோட்டார் சைக்கிளில் போவார்.

திங்கட்கிழமை வரவேண்டிய ஜொகூர் பக்கத்தைக் கோலாலம்பூரில் இருக்கும் பக்கப் பொறுப்பாளர் சனிக்கிழமை மத்தியானமே முடித்துவிடுவார். ஞாயிறு அவருக்கு விடுமுறை. எங்கள் ஊர்க்காரர்களோ விழா என்றால் ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு கிழமையில் வைக்க மாட்டார்கள். அப்புறம் என்ன செய்வது? நாளைய விழாவை இன்றே எழுதி அனுப்பிவிடுவது. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பேன், அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கைப்பேசியில் தட்டிக்கொண்டிருப்பார்.

"கூட்டத்தை எப்படிப் போடட்டும்?"

"இன்னும் நடக்கவே இல்லையேங்க."

"திரளாகக் கலந்துகொண்டனர்னு போட்டுடறேன்."

"நாளைக்கு மழை கொட்டினா?"

"மழையையும் பொருட்படுத்தாதுன்னு முன்னால சேர்த்துக்கிறேன். நல்லா இருக்கும்லா."

படமும் முன்கூட்டியே தயாராகிவிடும். சட்டமன்ற உறுப்பினரை எங்கள் நாட்டில் 'ஒய்பி' என்போம், மாண்புமிகு என்பதற்கான மலாய்ச் சொற்களின் சுருக்கம். ஒய்பி ஒரு பக்கம், பரிசுக் கூடையை வாங்குகிற அம்மா ஒரு பக்கம், நடுவில் பிஸ்கட்டும் மைலோவும் நிறைந்த கூடை. இரண்டு பேரும் கூடையைப் பார்க்க மாட்டார்கள், கேமராவைத்தான் பார்ப்பார்கள். ஒய்பி கையை எடுத்தால் படம் போச்சு. அம்மா கையை எடுத்தால் கூடை போச்சு. அதனால் இருவரும் இழுத்துப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நிற்பார்கள்.

இதையெல்லாம் பார்த்து நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். யாருக்கு என்ன கெட்டுப் போய்விட்டது என்று நினைத்தேன். எங்கள் அடுக்குமாடியின் லிஃப்ட் நின்றபோதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது.

நாங்கள் இருப்பது ஒன்பதாவது மாடி. கட்டடத்துக்கு இரண்டு லிஃப்ட். ஒன்று நாங்கள் குடிவந்த காலத்திலிருந்தே செத்துப்போனதுதான், அதன் வாசலில் யாரோ பழைய மெத்தையைச் சாத்தி வைத்திருக்கிறார்கள். இன்னொன்று முனகிக்கொண்டாவது ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் நின்றது. உள்ளே மாட்டியிருந்த மீன்காரரை வெளியே எடுத்தார்கள், லிஃப்டை மட்டும் எடுக்க முடியவில்லை. கதவில் 'ரோசாக்' என்று, அதாவது பழுது என்று, எழுதி ஒட்டினார்கள். அதோடு அவர்கள் வேலை முடிந்தது.

எனக்குக் கால் இருக்கிறது, திட்டிக்கொண்டே ஏறிவிடுவேன். எதிர்வீட்டு அண்ணனுக்கு ஒரு கால்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். சர்க்கரை வியாதி முதலில் காலைக் கொண்டுபோனது, பிறகு சிறுநீரகத்துக்கு வந்தது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். காலையில் வேன் கீழே வந்து நிற்கும், ஓட்டுநர் மேலே வர மாட்டார். அண்ணி காலமாகிப் பல வருஷம். மகள் சிங்கப்பூரில் வேலை, விடியுமுன்னே கிளம்பினால்தான் எல்லைப் பாலத்தைத் தாண்ட முடியும். ஆக, அந்த மூன்று நாளும் அண்ணனைக் கீழே இறக்குவதும் திரும்ப ஏற்றுவதும் அக்கம்பக்கத்தார் பொறுப்பாகிவிட்டது.

ஏழாவது மாடி மலாய்ப் பெரியவர், எல்லோருக்கும் அவர் பாக்சிக், அதாவது மாமா; என் வீட்டுக்காரருக்குக் காலை ஓட்டம் இல்லாத நாளில் அவர்; இரவு ஷிஃப்ட் முடிந்து பக்கத்துக் கட்டடத்துக்குத் திரும்பும் தொழிற்சாலை ஆட்கள் இரண்டு மூன்று பேர். இவர்கள் சேர்ந்து அண்ணனைச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நாற்காலியோடு தூக்குவார்கள். எங்கள் தேவாலயத் திருவிழாவில் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு போவார்களே, அப்படி. என்ன வித்தியாசம் என்றால் மாதா பேச மாட்டார்கள். அண்ணன் அன்றைய பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாடியிலும் ஒரு செய்தியை உரக்கப் படித்து, தமிழ் தெரியாதவர்களுக்கு மலாயில் விளக்கமும் சொல்வார். அவர் ஆயுட்காலக் கட்சிக்காரர். எந்தக் கட்சி என்று நான் சொல்லப்போவதில்லை. அது எந்தக் கூட்டணியில் இருக்கிறது என்பது அதற்கே சில நாள் மறந்துபோகும்.

"அண்ணே, வாயை மூடிக்கிட்டு உக்காருங்களேன், அவங்க மூச்சு வாங்குறாங்க" என்று நான் பின்னாலேயே மருந்துப் பையோடு கத்திக்கொண்டு போவேன்.

"அதுக்குத்தான் தங்கச்சி படிக்கிறேன். கேட்டுக்கிட்டே வந்தா கனம் தெரியாது."

அப்படிப் பேசுகிற மனுஷன் முந்தின இரவு சாப்பிடுவதில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. நான் கொடுத்தனுப்பிய இட்லி அப்படியே திரும்பி வந்த ஒரு நாள், மகளிடம் கேட்டேன். தூக்குகிறவர்களுக்குக் கனக்கக்கூடாது என்று பட்டினி கிடக்கிறாராம். ஒரு இரும்புப் பெட்டி மேலும் கீழும் போகாததற்கு ஒரு மனுஷன் சோற்றைக் குறைக்க வேண்டுமா?

நிர்வாக அலுவலகத்துக்குப் புகார் போனது, வந்தது, மறுபடி போனது. கடைசியில் என் வீட்டுக்காரர் ஒய்பியின் உதவியாளரைப் பிடித்தார். அந்த உதவியாளர் ஒரு கையில் இரண்டு கைப்பேசி வைத்திருப்பவர். ஒய்பி எங்கே போனாலும் அதை ஃபேஸ்புக்கில் நேரலையாகக் காட்டுவதுதான் அவருக்குப் பிழைப்பு. தேர்தல் வரும்போல இருந்த நேரம் அது, அதனால் வேலை வேகமாக நடந்தது. லிஃப்ட் ஆட்கள் வந்து பார்த்தார்கள். உதிரிபாகம் வரவேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா என்று முடிவாகிவிட்டது. பாகம் வருவதற்கு முன்னால் ரிப்பன் வந்துவிட்டது.

ஞாயிறு ஒய்பிக்கு இரண்டு கல்யாணம் இருந்ததால் படத்தைச் சனிக்கிழமை காலையிலேயே எடுத்துக்கொண்டார்கள். மூடிய லிஃப்ட் கதவு, அதன் குறுக்கே சிவப்பு ரிப்பன், ஒய்பியின் விரல் பொத்தான் மேலே. 'ரோசாக்' என்ற தாளை உதவியாளர் கிழித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். படமும் அறிக்கையும் என் வீட்டுக்காரரின் கைப்பேசிக்கு வந்தன. அவர் வழக்கம்போல் எழுதினார். ஒன்பது மாடி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்காமல், சட்டையெல்லாம் வியர்வையோடு உட்கார்ந்து, 'மின்தூக்கி மீண்டும் இயங்கத் தொடங்கியது, குடியிருப்பாளர்கள் கரவொலி எழுப்பி வரவேற்றனர்' என்று எழுதினார். அதை நான் என் இரண்டு கண்ணால் பார்த்தேன்.

ஞாயிறு காலையில் லிஃப்ட் ஆட்களிடமிருந்து செய்தி வந்தது. வந்த பாகம் வேறு லிஃப்டுக்கு உரியதாம். விழா ரத்து. ஒய்பி கல்யாணத்துக்குப் போய்விட்டார். பக்கப் பொறுப்பாளர் கைப்பேசியை அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டார்.

திங்கட்கிழமை அண்ணனைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். ஐந்தாவது மாடி திருப்பத்தில் இளைப்பாற நாற்காலியை வைத்தபோது அண்ணன் பேப்பரைப் பிரித்தார். பிரித்தவர் பேசவில்லை. பேசாத அண்ணனை நாங்கள் யாரும் பார்த்ததில்லை, அதனால் எல்லோரும் பயந்துவிட்டோம்.

"என்னண்ணே, தலை சுத்துதா?"

"தங்கச்சி, லிஃப்ட் நேத்தே ஓட ஆரம்பிச்சிருச்சாம்."

"யார் சொன்னா?"

"பேப்பர்ல போட்டிருக்கு. உன் வீட்டுக்காரர் எழுதினது." அவர் மாடிப்படியையும் தன்னைத் தூக்கியவர்களையும் நாற்காலியையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அப்போ நாம ஏன் இங்க நிக்கிறோம்?"

கேலியாகத்தான் கேட்டார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அச்சில் வந்ததை ஆயுள் முழுக்க நம்பிய மனுஷன். பாக்சிக் எட்டிப் படத்தைப் பார்த்துவிட்டு, "அலமாக்!" என்று தலையில் கை வைத்தார்.

நான் அன்று வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு நிர்வாக அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெண் என் புகாரைக் கணினியில் தேடிப் பார்த்துவிட்டு, "சூடா சியாப் லா, காக்" என்றாள். ஏற்கனவே முடிந்துவிட்டதாம். "முடியலம்மா, நான் படியில இறங்கித்தான் வந்தேன்" என்றேன். அவள் கைப்பேசியைத் திருப்பி ஒய்பியின் ஃபேஸ்புக் படத்தைக் காட்டினாள். கீழே எத்தனையோ பேர் கைதட்டியிருந்தார்கள். நேரில் நிற்கிற என் வியர்வையைவிட அந்தப் படத்துக்கு மதிப்பு அதிகம் என்று புரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர்கள் ஒரு லிஃப்டையே மறைத்துவிட்டார்கள்.

இதுவரைக்கும் கோபத்தோடு சிரிப்பும் இருந்தது. புதன்கிழமை சிரிப்பு போய்விட்டது. அன்று வேன் வந்து ஹாரன் அடித்தது. பாக்சிக் வந்தார். என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டப் போயிருந்தார். தொழிற்சாலை ஆட்கள் ஒருத்தரும் வரவில்லை. பாக்சிக்கும் நானும் சேர்ந்து நாற்காலியைத் தூக்கிப் பார்த்தோம், அரை மாடி கூட இறங்க முடியவில்லை. ஓட்டுநருக்கு மற்ற நோயாளிகள் இருந்தார்கள். ஹாரன் இன்னும் ஒருமுறை அடித்தது, பிறகு போய்விட்டது. பிறகு அந்த ஆட்களில் ஒருவரைக் கைப்பேசியில் பிடித்தேன்.

"அக்கா, ஃபேஸ்புக்ல பார்த்தேன். திங்கட்கிழமைக்கு அப்புறம் லிஃப்ட் நல்லாயிருச்சு போலன்னு நேரா ரூமுக்குப் போய்ப் படுத்துட்டேன்கா." குரல் அழுகிறது மாதிரி இருந்தது.

அண்ணனுக்கு மத்தியானத்துக்குள் முகம் வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தே இருந்தார். மகள் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தாள். சாயங்காலம் என் வீட்டுக்காரரும் பாக்சிக்கும் தொழிற்சாலை ஆட்களும் சேர்ந்து தூக்கி இறக்கினார்கள். அண்ணன் அன்று எதையும் படிக்கவில்லை. டயாலிசிஸ் மையத்தில் இருந்த தாதி, இன்னொரு தடவை இப்படி ஆனால் தாங்காது என்று மகளிடம் சொன்னாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன்.

"நாளைக்கே மறுப்புப் போடணும். லிஃப்ட் ஓடலன்னு."

"ஒருத்தர் பேரு தப்பாப் போச்சுன்னா திருத்தம் போடுவாங்க. ஒய்பி திறந்து வச்சது திறக்கலன்னு எப்படிப் போடுவாங்க?"

"உண்மைதானே?"

"உண்மைன்னா செய்தியாகிடுமா?" என்று கேட்டுவிட்டு, தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோல் நிறுத்திக்கொண்டார். கழற்றிய சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். தோளில் நாற்காலிக் கால் அழுத்திய தடம் சிவந்து கிடந்தது. திட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

உதவியாளரை நானே அழைத்தேன். லிஃப்ட் என்று ஆரம்பித்ததுமே குறுக்கே விழுந்தார். "அக்கா, லிஃப்ட் நல்லா ஓடுதில்ல? நாங்க மக்களுக்குச் செஞ்ச பணிகள்ல இதுதான் இப்ப முதல் இடத்துல இருக்கு" என்றார். எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. இந்த மனுஷர் பொய் சொல்லவில்லை. தான் எழுதின அறிக்கை பேப்பரில் வந்ததைப் பார்த்து, அதைத் தானே நம்பிவிட்டார்! ரத்தான விழாவுக்கு அவர் வரவே இல்லை, அதற்குப் பிறகும் எட்டிப் பார்க்கவில்லை. லிஃப்ட் ஓடுகிறதென்று அவருக்கு யார் சொன்னது? பேப்பர் சொன்னது. பேப்பருக்கு யார் சொன்னது? அவர்தான்.

அந்த இடத்தில்தான் எனக்குள்ளே இருக்கிற சாத்தான் விழித்துக்கொண்டது.

"அதுக்குத்தான் தம்பி கூப்பிட்டேன்" என்று குரலை வெண்ணெயாக்கிக்கொண்டேன். "ஒய்பிக்கு ஒரு நன்றி பாராட்டு விழா வைக்கலாம்னு இருக்கோம். டயாலிசிஸ் போற அண்ணன் ஒருத்தர், லிஃப்டால ரொம்பப் பலன் அடையறவர். அவர் வீட்டுலயே வைக்கிறோம். ஒன்பதாவது மாடி. மாலை, பொன்னாடை எல்லாம் உண்டு. மத்த பேப்பர்காரங்களையும் கூப்பிடலாமா?"

"கூப்பிடுங்கக்கா! எல்லாரையும் கூப்பிடுங்க!" பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷம் அவருக்கு. "நான் லைவ் போட்டுடறேன்."

சனிக்கிழமை காலை ஒய்பி வந்தார். பூப்போட்ட பட்டு பாத்தேக் சட்டை, நல்ல கனமான உடம்பு, கனிவான சிரிப்பு. பின்னால் கட்சிக்காரர்கள், மற்ற பேப்பர் நிருபர்கள் இரண்டு பேர், முன்னால் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்து வரும் உதவியாளர். எல்லா மாடியிலும் ஜனங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். நான் கீழேயே நின்று மாலை போட்டேன்.

"வாங்க ஒய்பி. மேல காத்துக்கிட்டிருக்காங்க."

லிஃப்ட் வாசலுக்குப் போனோம். ரிப்பன் இன்னும் அப்படியே குறுக்கே இருந்தது, வெட்டப்படாமல். யாரோ அதில் ஒரு துண்டைக் காயப்போட்டிருந்தார்கள். ஒய்பி பொத்தானை அழுத்தினார். படத்தில் அழுத்திய அதே விரல்தான், ஆனால் இப்போது எதிர்பார்த்து அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொருமுறை அழுத்தினார். பிறகு உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் லிஃப்டைப் பார்த்தார். கைப்பேசி மட்டும் நடப்பதையெல்லாம் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்கு வேற ஒரு நிகழ்ச்சி…" என்று ஒய்பி ஆரம்பித்தார்.

மேலேயிருந்து அண்ணனின் குரல் வந்தது. கிரேனில் இருந்து கீழே நிற்கிறவர்களுக்குக் கத்திப் பழகிய தொண்டை. "வாங்க ஒய்பி! மெதுவா வாங்க! நாங்க எங்கயும் போயிட மாட்டோம்!"

எல்லா மாடியும் கைதட்டியது. நான்காவது மாடி மலாய் அம்மா ஒருத்தி, "சிலாக்கான், ஒய்பி, சிலாக்கான்!" என்று இரண்டு கையாலும் அழைத்தாள். நிருபர்கள் கேமராவைத் தூக்கினார்கள். ஒய்பி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு முதல் படியில் கால் வைத்தார்.

இரண்டாவது மாடி வரை எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டே போனார். மூன்றாவதில் கைகொடுப்பது கையசைப்பானது. நான்காவதில் அந்த மலாய் அம்மா கொடுத்த தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார். ஐந்தாவதில் மாலையைக் கழற்றி உதவியாளர் கழுத்தில் போட்டார். ஆறாவதில் சட்டையின் மேல் பொத்தான் இரண்டு திறந்தது. கட்சிக்காரர்கள் ஒவ்வொரு மாடியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டார்கள். அந்தக் கட்சிக்கு அது பழக்கம்தான். ஏழாவதில் பாக்சிக் முதுகில் தட்டிக்கொடுத்து, "பெலான் பெலான்" என்றார், மெல்ல மெல்ல என்று. ஒன்பதாவது மாடிக்கு வந்து சேர்ந்தபோது ஒய்பியிடம் பேச்சே இல்லை. ஒரு அரசியல்வாதி பேசாமல் நிற்பதை நான் என் ஆயுளில் அன்றுதான் பார்த்தேன்.

அண்ணன் வீட்டில் உட்கார அந்தச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிதான் இருந்தது. ஒய்பி அதில் விழுந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அண்ணன் சக்கர நாற்காலியில் பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். இரண்டு நாளாக ஒரு உரை தயார் செய்திருந்தார், எனக்குப் படித்தும் காட்டியிருந்தார். அதை எடுக்கவே இல்லை.

"முதல்ல மூச்சு வாங்குங்க ஒய்பி. எங்க ஆளுங்க அஞ்சாவது மாடில வாங்குவாங்க. நீங்க ஒரேயடியா வந்துட்டீங்க."

ஒய்பி கையை மட்டும் உயர்த்தினார். கொஞ்ச நேரம் கழித்து, "எத்தனை நாளா இப்படி?" என்றார்.

"ரொம்ப நாளாச்சு ஒய்பி. ஆனா பேப்பர்ல நல்லாயிருச்சுன்னு வந்த பிறகுதான் எனக்கு ரொம்ப மோசமாயிருச்சு. அதைப் பார்த்துட்டு என்னைத் தூக்க வர்றவங்க வரல. அன்னிக்கு நான் போயிருப்பேன்." இதைக் குறையாகச் சொல்லவில்லை, வானிலை சொல்வதுபோலச் சொன்னார். பிறகு எட்டிப் பொன்னாடையை ஒய்பியின் தோளில் போட்டார். "இது லிஃப்டுக்கு இல்ல. நீங்க ஏறி வந்ததுக்கு."

உதவியாளர் கழுத்தில் மாலையோடு கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அதை அணைப்பா" என்றார் ஒய்பி. பிறகு தன் கைப்பேசியை எடுத்து யாரையோ அழைத்தார். கோபம் வந்தவர்கள் ரொம்ப மரியாதையாகப் பேசுவார்களே, அந்த மலாயில் பேசினார். ஒரு வாரத்துக்குள் என்றார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, ஓட்டுப் போட்டாலும் போடலாம் என்று ஒரு நொடி தோன்றியது.

அவர் கிளம்ப எழுந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டார். வாசலில் நின்ற தொழிற்சாலை ஆட்களும் பாக்சிக்கும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஒய்பி, நாங்க தூக்கட்டுமா? எங்களுக்குப் பழக்கம்தான்" என்றார் ஒருவர், கொஞ்சமும் கிண்டல் இல்லாமல். ஒய்பி நாற்காலியைப் பார்த்தார். நிருபர்களின் கேமராவைப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், கேமரா மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் ஏறி உட்கார்ந்திருப்பார்.

அன்று என் வீட்டுக்காரர் முதன்முறையாக, நடந்து முடிந்த ஒன்றை நடந்த பிறகு எழுதினார். லிஃப்ட் ஓடாததையும் அண்ணனின் புதன்கிழமையையும் எழுதினார். எழுதும்போது என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நன்றாக எழுதியிருந்தார், எனக்கே கண் கலங்கியது. பக்கப் பொறுப்பாளரிடமிருந்து அழைப்பு வந்தது.

"போன வாரம் ஓடுதுன்னு போட்டோம். இந்த வாரம் ஓடலன்னு போட்டா நம்ம பேப்பரை யாருங்க நம்புவாங்க?"

திங்கட்கிழமை அந்த இடத்தில் பரிசுக் கூடை படம் வந்தது. இன்னொரு பேப்பரில் ஒய்பி பாதிப் பக்கத்துக்கு வியர்த்துக்கொண்டு நின்றார். தலைப்பு: 'ஒன்பது மாடி படியேறி ஒய்பி முன்மாதிரி. ஆரோக்கிய வாழ்வுக்கு அறைகூவல்.' என் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு சோறு வேண்டாம் என்றார். நான் நெத்திலி சம்பால் செய்து, தட்டை அவர் முன்னால் வைத்து, "பேப்பர்ல வராட்டியும் நான் படிச்சேன்ல. சாப்பிடுங்க" என்றேன். சாப்பிட்டார்.

ஆனால் லிஃப்ட் ஆட்கள் வந்தார்கள், சரியான பாகத்தோடு. அவர்களில் ஒரு சீன அங்கிள் இரண்டு நாளும் விசிலடித்துக்கொண்டே வேலை செய்தார். ரிப்பனை அவிழ்த்துத் தன் கருவிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார். விழா இல்லை, கரவொலி இல்லை. உதவியாளர் மட்டும் என்னை அழைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, லிஃப்ட் ஓட ஆரம்பிச்சது வெளிய தெரியவேண்டாம். அது ஏற்கனவே ஓடிக்கிட்டுத்தானே இருக்கு" என்றார். என் வீட்டுக்காரரும் சும்மா இருக்காமல் பக்கப் பொறுப்பாளரிடம் கேட்டுப் பார்த்தார். "ஏற்கனவே வந்த செய்திதானே அது" என்று அவர் சொல்லிவிட்டார். இப்படியாக எங்கள் லிஃப்ட் ரகசியமாக ஓடத் தொடங்கியது.

மறுநாள் அண்ணனுக்கு டயாலிசிஸ். நான் கூட வருகிறேன் என்றதற்கு, "நீ கீழ போய் வேன்காரனை நிறுத்தி வை, நான் வந்துடறேன்" என்று அதட்டினார். கீழே நின்றேன். வேன் வந்தது. லிஃப்டுக்கு மேலே இருக்கிற எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதில் நின்றது. கதவு திறந்து மூடியிருக்கும், இதோ வருகிறார் என்று நினைத்தேன். எண் கீழே வரவில்லை, மேலே போனது. பத்து, பன்னிரண்டு என்று கடைசி மாடி வரைக்கும் போய் அங்கேயே நின்றுவிட்டது.

மறுபடியும் பழுதாகிவிட்டதா? மனுஷர் உள்ளே மாட்டிக்கொண்டாரா? ஹாரன் அடித்தது. "வந்துருவார், இருங்கலா!" என்று ஓட்டுநரைப் பார்த்துக் கத்தினேன். மாடிப்படிக்கு ஓடினேன், திரும்பி வந்தேன், பொத்தானை அடித்தேன். எவ்வளவு நேரமோ, பிறகு எண் ஒவ்வொன்றாக இறங்கி வந்தது. கதவு திறந்தது. உள்ளே சக்கர நாற்காலியில் அண்ணன், தலை வாரி, சட்டையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்கண்ணே போனீங்க? உயிரே போச்சு எனக்கு! வேனு நிக்குது!"

"கடைசி மாடிக்கு."

"அங்க என்ன இருக்கு? யாரைப் பார்க்கப் போனீங்க?"

"யாரும் இல்ல தங்கச்சி. நான் வேலை பார்த்த போர்ட்டு தெரியுது, கடல் தெரியுது. கொஞ்ச நேரம் பார்த்தேன்." சக்கரத்தைத் தானே தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். "யாரையும் கேக்காம எங்கயாவது போகணும்னு ஆசையா இருந்துச்சு. அதான் போயிட்டு வந்தேன்."